தில்லி–சென்னை ரயிலில் ரெண்டு ராத்திரி: கட்டுச்சோறு எதுவரை தாங்கும்?

கேள்வி: புது தில்லியில் ராத்திரி ஏறினால் மூணாம் நாள் காலைதான் சென்னை. அப்பா, அம்மாவுக்கு ஸ்லீப்பர். ரயில் பேன்ட்ரி சாப்பாட்டுக் காரம் அவங்களுக்கு ஒத்துக்காது. என்ன கட்டலாம்? போர்வை தருவாங்களா?

பதில் 1: முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் இட்லி. நல்லா ஆறினப்புறம் ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய், மிளகாய்ப்பொடி தடவுங்க. சூட்டோட மூடினா ஆவி வேர்த்து, காலையில் நூல் விடும். சட்னி வேண்டவே வேண்டாம். மதியத்துக்குப் புளியோதரை, புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியற வரை கொதிக்கணும். தயிர்சாதத்தை முதல் ராத்திரியே முடிச்சிடுங்க, மே மாச வெயிலில் பால் ஊத்திப் பிசைஞ்சாலும் நம்ப முடியாது.

பதில் 2: ரெண்டாம் ராத்திரிக்கு ஐஆர்சிடிசி இ-கேட்டரிங், அதாவது ரயில்வேயோட ஆன்லைன் சாப்பாட்டு ஆர்டர். டிக்கெட்டில் இருக்கற பிஎன்ஆர் நம்பரைப் போட்டா எந்த ஸ்டேஷனில் எந்தக் கடைன்னு வரும். பெர்த்துக்கே கொண்டு வருவாங்க, அதனால கோச், பெர்த் நம்பர் சரியா இருக்கணும். ஒரு லிட்டர் ரயில் நீர் 14 ரூபாய்தான். கூடக் கேட்டா பில் கேளுங்க, தரலைன்னா ரயில்வே உதவி எண் 139க்குப் புகார் பண்ணுங்க.

பதில் 3: போர்வை, தலையணை எல்லாம் பொதுவா ஏசிக்குத்தான். ஸ்லீப்பருக்கு ரெண்டு பெட்ஷீட், காத்துத் தலையணை எடுத்துக்கட்டும். நடு பெர்த் ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைதான் விரிக்கலாம், சாப்பாட்டை அதுக்கு முன்னாடி முடிச்சா நிமிர்ந்து உட்காரலாம்.