கன்பான் அட்டை போட்டதிலிருந்து வெல்டிங் அடிக்கடி நிற்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். தகடு அடித்து, வெல்டிங் செய்து, பெயின்ட் பூசி அனுப்பும் சிறிய தொழிற்சாலையில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். லீன் முறைக்கு (வீணான கையிருப்பையும் நேரத்தையும் குறைக்கும் உற்பத்தி முறை) மாற்ற வந்த ஆலோசகர், தகடு அடிக்கும் பிரஸ்ஸுக்கும் வெல்டிங்குக்கும் நடுவே குவிந்திருந்த பாகங்களைக் காலிசெய்து கன்பான் அட்டை கொண்டுவந்தார். ட்ரேக்கு ஓர் அட்டை; வெல்டிங்கில் ட்ரே காலியாகி அட்டை திரும்பி வந்தால்தான் பிரஸ் அடுத்த ட்ரேக்கு அடிக்கும். முக்கியமான பாகம் ஒன்று ஒரு நாளைக்கு 400 வேண்டும், ட்ரேக்கு 50. அரை நாளில் நிரப்பிவிடலாம் என்று கணக்கிட்டு 4 அட்டை கொடுத்தார். இப்போது வெல்டிங் ஆட்கள் பாகம் வராமல் நிற்கிறார்கள். கரண்ட் சொல்லாமல் போகிறது. தகடு சொன்ன நாளில் வருவதில்லை. பிரஸ்ஸில் டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்ற இரண்டரை மணி நேரம் ஆகிறது.

பழையபடியே ஓட்டச் சொல்கிறார் முதலாளி. எனக்கு விட மனமில்லை. நடக்க இடம் கிடைத்திருக்கிறது, தப்பாக அடித்த பாகம் அன்றைக்கே கண்ணில் படுகிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளுக்கு இது ஒத்துவராதா?

பதில் (தொழிற்பொறியாளர்)
ஒத்துவரும். வரிசைதான் மாறிவிட்டது. ஏற்ற இறக்கம் உள்ள எந்த உற்பத்தியும் மூன்றில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும்: கையிருப்பு, உபரித் திறன், அல்லது காத்திருக்கும் நேரம். கரண்டும் தகடும் டையும் அப்படியே இருக்கும்போது கையிருப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதன் விலையை வெல்டிங் ஆட்களின் நேரத்தில் கொடுக்கிறீர்கள்.

அட்டைக் கணக்கு, ஒரு நாள் தேவையை நிரப்பும் காலத்தால் பெருக்கி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்து, ட்ரே அளவால் வகுப்பது. உங்கள் 4 அட்டையில் பாதுகாப்பு துளியும் இல்லை. அரை நாள் என்பதும் பிரஸ் காலியாக, டை ஏறி நிற்கும் நாளில்தான் நடக்கும். அட்டை காலியானதிலிருந்து ட்ரே திரும்பி வரும்வரை உண்மையில் எவ்வளவு ஆகிறது? அட்டையின் பின்பக்கத்திலேயே நேரம் குறிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்
குறித்துப் பார்த்தோம் சார். பெரும்பாலும் ஒன்றரை நாள். அதே பிரஸ்ஸில் வேறு நான்கு பாகங்களும் ஓடுகின்றன.

பதில் (தொழிற்பொறியாளர்)
அப்படியானால் 400 × 1.5 = 600. கால் பங்கு பாதுகாப்பு சேர்த்தால் 750. 50 ஆல் வகுத்தால் 15 அட்டை. இன்றைக்கே 15 போடுங்கள், வெல்டிங் ஓடட்டும். முதலாளியிடமும் இந்தக் கணக்கையே காட்டுங்கள். பழைய குவியலுக்கு ஒரு வரம்பு கிடையாது, இதற்கு உண்டு. தகட்டுக் கையிருப்பைக் குறைக்கவே வேண்டாம். சப்ளை நிலையாகாதவரை அது வீண் இல்லை, காப்பீடு. அட்டையைப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம், அதுவும் டை மாற்றும் நேரம் குறைந்த பிறகு.

கன்பானை உருவாக்கிய டொயோட்டாவே 1950இல் பணமில்லாமல் திணறிய நிறுவனம். அங்கே கன்பான் நிறுவனம் முழுக்கப் பரவியது 1963 வாக்கில்தான். வசதி இருந்ததால் வந்த முறை இல்லை இது. ஆனால் ஒரே மாதத்தில் வந்ததும் இல்லை.

பதில் (டை பராமரிப்பில் இருப்பவர்)
தம்பி, அந்த இரண்டரை மணி நேரத்தைப் பிடியுங்கள். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1969இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேர டை மாற்றத்தை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார். மூன்று நிமிடம் நமக்கு வேண்டாம், 40 நிமிடம் வந்தாலே போதும்.

ஒரு டை மாற்றத்தை முழுக்க நின்று பாருங்கள். ஸ்பேனர் தேடுவது, அடுத்த டை எங்கே என்று கேட்பது, தகடு எடுத்துவரப் போவது, எல்லாமே பிரஸ் நின்ற பிறகு நடக்கும். இவற்றைப் பிரஸ் ஓடும்போதே முடித்து, டையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். அப்புறம் எல்லா டைக்கும் அடியில் பட்டை வைத்து உயரத்தை ஒன்றாக்குங்கள், ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரோக்கை (பிரஸ் கீழே இறங்கும் அளவை) சரிசெய்யும் வேலை போய்விடும். கரண்ட் போன நேரத்தில் செய்ய ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள்: டை துடைப்பது, எண்ணெய் விடுவது, அடுத்த டை தயார் செய்வது.

கேட்டவர்
நன்றி ஐயா. இன்னொன்று. பிரஸ் ஆட்களுக்குப் பீஸ் ரேட். அட்டை தீர்ந்தால் நிறுத்தச் சொன்னால், கூலி போகிறதே என்று அட்டை இல்லாமலும் அடித்துக் குவிக்கிறார்கள்.

பதில் (தொழிற்பொறியாளர்)
அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நிறுத்தச் சொல்வது நீங்கள், கூலி இழப்பது அவர்கள். இதைத் தீர்க்காமல் எந்த அட்டையும் நிற்காது. முந்தைய சில மாதச் சராசரிக் கூலியை அடிப்படையாக உறுதிசெய்துவிட்டு, ஊக்கத்தொகையைக் கடைசியில் பெயின்ட் முடிந்து போகும் நல்ல பாகங்களின் எண்ணிக்கையோடு, குழுவுக்காகச் சேர்த்துக் கட்டுங்கள். அட்டை இல்லாத நேரத்துக்கும் கூலி உண்டு, டை தயாரிப்பும் வேலைதான் என்று முதலாளியே நேரில் சொல்லட்டும். ஸ்டாப்வாட்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கும் எந்த நேர அளவும் உண்மையாக இருக்காது.

கேட்டவர்
சரி சார். நாளைக்கு 15 அட்டை ஏறுகிறது. கூலி விஷயத்தை முதலாளியிடம் கணக்கோடு வைக்கிறேன். முதல் டை மாற்றத்தைப் படம்பிடித்து, நேரத்தோடு இங்கே போடுகிறேன்.