நன்மங்கலம் காட்டோரக் காளான்: பெயர் தெரியுமா?

வணக்கம். நேற்று மழை விட்டதும் சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டு வேலிக்கு வெளியே, மரத்தடிப் புல்லில் இதைப் பார்த்தேன். குடை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளை, நடுவில் பழுப்புச் செதில்கள். தண்டில் வளையம். பக்கத்தில் கரையான் புற்று இருப்பதால் அம்மா, "புற்றுக்காளான்தான், குழம்பு வைக்கலாம்" என்கிறார்.

எனக்குச் சந்தேகம். புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கும். குடைக்கு அடியிலிருந்து உதிரும் வித்துத்தூளும் வெளிர் ரோஜா நிறம். இதுவோ தோண்டியதும் மொட்டையாக முடிந்துவிட்டது. இரவு வெள்ளைத் தாளில் குடையை வைத்து மூடினேன். காலையில் மங்கிய பச்சைத் தூள்!

அப்படியானால் பச்சை வித்துத்தூள் உதிர்க்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான்தானா? இந்தப் பக்கம் வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா, எந்த மாதிரி இடத்தில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை அடுப்புப் பக்கம் விடமாட்டேன். (அம்மா கோபத்தில் இருக்கிறார்.)