ஒரே மருத்துவர் இருக்கும் இடத்தில்: துருவ நிலைய அனுபவங்கள்

தென்கோடி:

அண்டார்டிக நிலையத்தில் குளிர்காலத் தங்கல் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்த நாட்டு நிலையம், எந்த ஆண்டு என்பதை நான் சொல்லப்போவதில்லை. மார்ச்சில் கடைசிக் கப்பல் போய்விட்டது, நவம்பர் வரை விமானம் கிடையாது, சூரியனைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவ்வளவு போதும்.

குளிரும் இருளும் உடம்பை என்ன செய்கின்றன என்று அறிய, மாதம் ஒருமுறை எங்களிடம் இரத்தம் எடுப்பார்கள். எடுப்பவர் நிலையத்தின் மருத்துவர். ஆய்வும் அவருடையதுதான். ஜெனரேட்டர் பார்த்துக்கொண்ட என் நண்பருக்குப் பத்து நாளாகக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கியிருந்தது. "உடம்பில் தெம்பே இல்லை. இந்த மாதம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன்" என்று காலையில் கஞ்சி குடிக்கும்போது என்னிடம் சொன்னார்.

அவர் முறை வந்தது. நான் பின்னால் நின்றேன். மருத்துவர் அதட்டவில்லை, வற்புறுத்தவில்லை. "சம்மதம்தானே?" என்று கேட்கவும் செய்தார். நண்பர் பதில் சொல்லாமல் மேல்சட்டையின் கையை மடித்தார். அதற்குள் கம்பளிச் சட்டை, அதையும் மடித்தார். அதற்குள் உள்சட்டை, அதையும். டீசல் ஏறிக் கறுத்த நகங்கள். மூன்று மடிப்பையும் முழங்கைக்கு மேலே ஏற்றி, நழுவாமல் மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். வெளியே வந்தபின் ஒன்றுதான் சொன்னார்: "நாளைக்கு என் பல்லைப் பிடுங்கப் போகிறவர் அவர். அவரிடம் எப்படி முடியாது என்பேன்?"

பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மூன்று மடிப்புகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நேவாக்கரை:

அண்ணா, உங்கள் நண்பரின் நிலை புரிகிறது. அதற்காகத் துருவ மருத்துவர்கள் எல்லோர்மீதும் ஐயம் விழுந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் ஆர்க்டிக் அண்டார்டிக் அருங்காட்சியகம் இருக்கிறது. சோவியத் மருத்துவர் ரோகசோவின் அறுவைக் கருவிகளைப் பார்க்கவே போனேன். 1961, நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம், 13 பேருக்கு அவர் ஒருவரே மருத்துவர், வயது 27, தன் குடல்வாலைத் தானே அறுத்தெடுத்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதற்கு முந்தின வாரம்தான் நான் முதன்முறையாக அறுவைக்கூடத்தில் கொக்கி பிடிக்க நின்றிருந்தேன். வெட்டிய இடத்தின் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் வேலை. 40 நிமிடத்தில் மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கருவிகளைப் பார்த்ததும் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. ரோகசோவுக்குக் கொக்கி பிடித்தவர் மருத்துவம் படித்தவர் அல்ல, வானிலை பார்க்கும் ஆர்த்தெமியெவ். கண்ணாடி காட்டியவர் மெக்கானிக் தெப்ளின்ஸ்கி. கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரிந்ததால் ரோகசோவ் கையுறை போடாமல், பெரும்பாலும் விரலால் தடவியே வேலை செய்தார். நடுவில் குடலில் கீறல் பட்டது, அதையும் தைத்தார். வயிற்றுத் தோல் மரத்துப்போக நோவோகெயின் போட்டதோடு சரி. ஒன்றே முக்கால் மணி நேரம். தாம் மயங்கினால் எந்த ஊசியை எப்படிப் போட வேண்டும் என்று அந்த இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் கத்தி வைத்தது தன் உடம்பில். பிறர் உடம்பில் அல்ல. ஆனால் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆர்த்தெமியெவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் இரத்தம் பார்க்க முடியாது, நான் வரவில்லை என்று அவர் சொல்லியிருக்க முடியுமா? அண்ணாவின் பதிவைப் படித்ததும் அந்தக் கேள்வி திரும்ப வந்துவிட்டது.

வடமீன்:

தங்கையின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பாட்டி கேட்ட கேள்வி.

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் செவிலியாக இருக்கிறேன். 1955 முதல் 1957 வரை இங்கே லாட் விமானப்படைத் தளத்தில் இருந்த ஆர்க்டிக் ஆய்வுக்கூடம், குளிரைத் தாங்குவதில் தைராய்டுக்கு என்ன பங்கு என்று பார்க்க, வெயின்ரைட், பாயின்ட் ஹோப், அனக்டுவுக் பாஸ் போன்ற ஊர்களின் மக்களுக்குக் கதிரியக்க அயோடின்-131 கொடுத்தது. மண்ணின் மக்கள் நூறு பேருக்கு மேல், படைவீரர்கள் 19 பேர், மொத்தம் 200 முறை. பாலூட்டும் பெண்களும் அதில் இருந்தார்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. கொடுத்தவர்களை ஊருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் என்றே நினைத்தார்கள்.

ஒரு நாள் இனுபியாட் பாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியில் ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த மருந்தைக் குடித்தவர்களில் தன் அம்மாவும் ஒருத்தி என்று பாதி வழியில் சொன்னார். பிறகு கேட்டார்: "எங்கள் ஊரில் அப்போது அதற்குச் சொல்லே கிடையாது. உன் மொழியில் இருக்கிறதா?"

"கதிர்வீச்சு" என்றேன்.

நாற்காலியை நிறுத்தச் சொன்னார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். உதட்டைக் குவித்து, விரித்து, தாமும் சொல்லிப் பார்த்தார். கடைசி எழுத்து மட்டும் சரியாக வந்தது. பொருள் கேட்டார். சூரியனுக்கும் கதிர் என்போம், நெல் விளைந்து தலை சாய்வதற்கும் கதிர் என்போம், அது வீசுவது கதிர்வீச்சு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மாவுக்கு ஒரு சொல்லாவது இருந்திருந்தால் அதை வைத்து அவர்களைக் கேட்டிருப்பாள்" என்றார். ஸ்கேன் அறையின் கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

1996இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, உடலுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய ஆபத்து மிகச் சிறிது என்றது. ஆனாலும் அந்த மக்களுக்கு அநீதி நடந்தது என்பதையும் சொன்னது.

பழைய மாலுமி:

தென்கோடி அவர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நண்பர் சம்மதப் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தானே போனார்? அலாஸ்காவில் ஒன்றும் தெரியாமல் குடித்தவர்களையும் அவரையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமாகப் படவில்லை. இந்த ஆய்வுகளால் நன்மையும் உண்டு. ஜெர்மனியின் நியூமாயர் நிலையத்தில் 14 மாதம் இருந்த ஒன்பது பேரை ஆராய்ந்துதான், நீண்ட தனிமையில் மூளையில் நினைவுக்கான பகுதி சுருங்குகிறது என்று 2019இல் கண்டார்கள்.

நான் கண்டது சிறியது. கேப் டவுனில் எங்கள் கப்பல் நின்றபோது, நிலையத்திலிருந்து திரும்பிய ஒருவர் காய்கறிக் கடையில் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வருடமாகப் பச்சையைப் பார்க்காதவர். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

போக விரும்பும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். பல் மருத்துவரை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை பாருங்கள். ஆடும் பல், பாதி அடைத்த பல் எதையும் கொண்டுபோகாதீர்கள். குடல்வாலைப் பற்றியும் கேளுங்கள். அண்டார்டிகாவில் சிலி நாட்டின் வில்லா லாஸ் எஸ்ட்ரெய்யாஸ் குடியிருப்பில் நீண்ட நாள் தங்கியவர்கள் அதை முன்பே எடுத்துவிட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலிய நிலையங்களுக்குக் குளிர்காலத்தில் போகும் மருத்துவர்களுக்கும் அதே நிபந்தனை. படிவத்தை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் கேட்டு வாங்குங்கள். விமானம் ஏறுமுன் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள், துறைமுகத்தில் நின்றுகொண்டு அல்ல. நடுவில் விலகிக்கொள்ளலாமா, விலகினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள். இருள் மாதங்களில் சாப்பாட்டு மேசைக்கு வராமல் அறையிலேயே கிடக்காதீர்கள். தூக்கம் கெட்டால் முதல் வாரமே சொல்லுங்கள்.

கரிசல்மண்:

மாலுமி ஐயா, கையெழுத்து என்பது கரையில் போட்டது. முடியாது என்று சொல்ல வேண்டிய தேவை வந்தது ஜூன் இருட்டில். விலகுவதாக யாரிடம் சொல்வது என்று நீங்களே கேட்கச் சொல்கிறீர்கள். அங்கே சொல்வதற்கு அந்த ஒரு மருத்துவரைத் தவிர யார் இருந்தார்கள்?

நான் சொல்லப்போவது நிலையத்தைப் பற்றியது அல்ல. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் என் மகளோடு அனிகிட்டோ விண்கல்லைப் பார்த்தேன். 31 டன் இரும்பு. அதைத் தாங்கும் தூண்கள் கட்டடத்தையும் தாண்டி அடிப்பாறைவரை இறங்குகின்றன. வடமேற்குக் கிரீன்லாந்து மக்கள் கத்திக்கும் ஈட்டிக்கும் தலைமுறை தலைமுறையாக இரும்பு தட்டியெடுத்த கல். தொடலாம் என்பதால் மகள் இரண்டு கையையும் வைத்தாள். "ஜில்லென்று இருக்கிறது அப்பா" என்றாள். நானும் வைத்தேன்.

துருவப் பயணி பியரி அதைக் கப்பலில் கொண்டுவந்த அதே 1897இல், அந்த மக்களில் ஆறு பேரையும் ஆய்வுக்காகக் கொண்டுவந்தார் என்பது அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது. அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் தங்கவைத்தார்கள். சில மாதங்களில் நான்கு பேர் இறந்தார்கள். ஒருவர் கிசுக். அவருடைய மகன் மினிக் சின்னப் பையன். அப்பாவைப் புதைக்கிறோம் என்று அவனை அழைத்துவந்து, மரக்கட்டை ஒன்றைத் துணியால் சுற்றி, அதைப் புதைத்துக் காட்டினார்கள். கிசுக்கின் எலும்புகள் அருங்காட்சியகத்தின் சேகரிப்புக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்து மினிக்குக்கு அது தெரியவந்தது. அப்பாவின் எலும்புகளைக் கேட்டான், கிடைக்கவில்லை. 1918இல் ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனான். நான்கு பேரின் எலும்புகளும் கிரீன்லாந்தின் கானாக் ஊருக்குத் திரும்பியது 1993இல்தான்.

என் மகள் கை வைத்து நிற்கும் படம் இன்னும் என் செல்பேசியில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

தென்கோடி:

எல்லோருடைய பதிவுகளையும் படித்தேன். மாலுமி ஐயா, நீங்கள் சொன்ன படிவம் எங்களுக்கு இருந்தது. அதில் விலகலாம் என்ற வரியும் இருந்தது. என் நண்பருக்கு அந்த வரி மனப்பாடம்.

நேற்று இரவு அவரைத் தொலைபேசியில் அழைத்து, கிசுக்கின் எலும்புகளைப் பற்றிப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் கேட்டார்: "நம்முடைய இரத்தம் இப்போது எங்கே இருக்கிறது?"

எனக்கும் அது தெரியாது. மாதம் ஒரு குழாய், பன்னிரண்டு மாதம், எங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு எண் ஒட்டிய குழாய்கள். உறைபெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றியதை நானே பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இன்று காலை இருவரும் சேர்ந்து அந்த ஆய்வுக் குழுவுக்குக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறோம். மீதி இருந்தால் எவ்வளவு, எங்கே, வேறு எந்த ஆய்வுக்காவது போயிற்றா என்று மூன்று கேள்விகள். என் எண் 07, அவருடையது 11. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.