ஓடுகிறதா, மாட்டிக்கொண்டதா: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

துவாஸ்காரன்:
சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் புரோகிராம் ஒன்று தினமும் இரவில் ஓடும். ஒரு நாள் விடியப்போகும் நேரமாகியும் அது முடியவில்லை. ஷிப்ட் மேலாளர் போன் செய்து, "தம்பி, அது ஓடுதா, மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். சிபியு முழுமூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது. புரோகிராம் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாகில் புதிதாக ஒரு வரியும் இல்லை. ஓடினாலும் இதே அறிகுறிதான், மாட்டினாலும் இதே அறிகுறிதான். காலை லாரிகள் வர வேண்டியிருந்ததால் நிறுத்திவிட்டோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முடிந்திருக்குமா என்பது இன்றுவரை தெரியாது.

அப்புறம் அவர் கேட்டது நியாயமான கேள்வி. "ஓடவிடாமலே பார்த்து, இது முடியும், இது முடியாதுன்னு சொல்ற புரோகிராம் ஒண்ணு எழுதிடுங்களேன்." எல்லாப் புரோகிராமுக்கும் சரியாகச் சொல்லும் ஒன்றை எழுதவே முடியாது. கணித மேதை ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் முடிவு இது. வெள்ளைப் பலகையில் அவருக்கு விளக்கினேன்.

அப்படி ஒரு சோதனைப் புரோகிராம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்து நான் இன்னொன்று எழுதுகிறேன். அது தன்னுடைய நிரலையே சோதனைக்குக் கொடுக்கும். 'நிற்கும்', அதாவது ஓடி முடியும் என்று பதில் வந்தால், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் முடிவில்லாத லூப்புக்குள் போய்விடும். 'நிற்காது' என்று வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போது சோதனைப் புரோகிராம் எதைச் சொன்னாலும் அது தப்பு.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வேகமான கம்ப்யூட்டர் வாங்கினாலுமா?" என்றார். வாங்கினாலும்தான் அண்ணே.

ஈசூன் டீச்சர்:
தம்பி, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கணினியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த நிரூபணத்தைக் காட்டினால் உடனே வரும் மறுப்பு: "வம்புக்கென்றே எழுதிய புரோகிராம் டீச்சர், நிஜத்தில் யார் இப்படி எழுதுவாங்க?" அதனால் நான் கொலாட்ஸ் கணக்கைக் கொடுப்பேன். ஓர் எண் இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வரும் எண்ணுக்கும் இதையே திரும்பச் செய். 1 வந்தால் நிறுத்து. நாலைந்து வரிதான். 26 கொடுத்தால் 10 படியில் நிற்கும். அடுத்த எண் 27, 9232 வரை ஏறி இறங்கி 111 படி எடுத்துக்கொள்ளும். 2இன் 68ஆம் அடுக்கு வரை சோதித்த எல்லா எண்ணும் 1க்கு வந்துவிட்டன. எல்லா எண்ணுக்கும் இது நிற்குமா என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இந்த வகைக் கணக்குகளுக்குப் பொதுவான தீர்வுமுறையே இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ஜான் கான்வே 1972இல் காட்டினார்.

பெரிய பெரிய எண்ணாகத் தட்டிப் பார்த்த ஒரு மாணவி கேட்டாள்: "நிற்காமலே ஏறிக்கொண்டு போகும் எண் ஒன்று இருந்தால், ஓடவிட்டே அதைக் கண்டுபிடிக்க முடியாதே டீச்சர்?" விஷயமே அதுதான். நின்றால் ஒரு நாள் தெரிந்துவிடும். 'நிற்காது' என்ற பதில், எவ்வளவு காத்திருந்தாலும் காத்திருப்பதால் மட்டும் கிடைக்காது. இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு எனக்கு நிறைவு.

கெர்னல் தம்பி:
அக்கா சொன்னது சரி. ஆனால் 'முடியாது' என்பதை அளவுக்கு மீறி நீட்டிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தப்பில்லாமல் பதில் சொல்லத்தான் முடியாது. 'தெரியவில்லை' என்று சொல்ல இடம் கொடுத்தால் நிறையவே செய்யலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஈபிபிஎஃப் (eBPF) என்று ஒரு வசதி உண்டு. உள்ளே ஏற்றும் சின்னப் புரோகிராம்களை முதலில் ஒரு சரிபார்ப்பான் படித்துப் பார்க்கும். முடியும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஏற்றாது. ஆரம்பத்தில் லூப்பையே அது ஏற்கவில்லை. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்துதான் எல்லை தெரிந்த லூப்புக்கு அனுமதி. ஒழுங்காக முடியக்கூடிய என் புரோகிராமையே அது திருப்பி அனுப்பியிருக்கிறது. லூப்பின் உச்ச எண்ணிக்கையை நிலையான எண்ணாக எழுதியதும் எடுத்துக்கொண்டது. நல்லது சில தள்ளுபடியானாலும் கெட்டது உள்ளே வராது. கெர்னலுக்கு இதுதான் சரியான பேரம்.

டூரிங்கே 1949இல் ஒரு வழி காட்டினார்: ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டிவிட்டால், அந்தப் புரோகிராம் முடியும் என்று நிரூபித்துவிடலாம். எங்கள் குழுவில் யார் லூப் எழுதினாலும், எது குறைந்துகொண்டே வருகிறது என்று மேலே ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுத முடியாத லூப்புக்கு நேர வரம்பு வைக்கிறோம். துவாஸ் அண்ணே, உங்கள் கிடங்குப் புரோகிராமில் சரிபார்க்காத சரக்கின் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று குறைகிறதா? குறைந்தால் அதையே லாகில் எழுதவிடுங்கள்.