டிஎம்எக்ஸ் ‘டெர்மினேட்டர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

தேவாலயங்களில் ஒலி, ஒளி பார்க்கும் தன்னார்வலர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். மேடை விளக்குகளைக் கேபிள் வழியே கட்டுப்படுத்தும் சிக்னல் முறைதான் டிஎம்எக்ஸ். அந்தத் தொடரின் கடைசி விளக்கில் செருகும் சிறிய எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருப்பது போன்ற) பிளக்குக்குப் பெயர் வேண்டும். உள்ளே 2, 3ஆம் முனைகளுக்கு (pin) நடுவே 120 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான். இப்போதைக்கு ‘முடிப்பான்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

* * *

> ‘முடிப்பான்’ என்று போட்டிருக்கிறேன்

ஐயா, அது வேண்டாம். படிப்பவர், செருகினால் சிக்னல் நின்றுவிடும் போலிருக்கிறதே என்று கழற்றி வைத்துவிடுவார். கேபிளின் கோடியில் ஏற்ற தடை இல்லாவிட்டால் சிக்னல் திரும்பி ஓடிவந்து, பின்னால் வரும் துடிப்புகளைக் குலைக்கும். நொடிக்கு 2,50,000 பிட் ஓடுகிற கம்பி. ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோநொடிதான். பிட் புரண்டால் பார் (PAR) விளக்கு மினுங்கும், தலை திரும்பும் விளக்கான மூவிங் ஹெட் சம்பந்தமில்லாமல் கூரையைப் பார்க்கும்.

திரும்பும் சிக்னலை உறிஞ்சுவது அந்தத் தடைதான். ஆகவே பெயரிலும் அது இருக்கட்டும்: ‘ஈற்றுத்தடையம்’. எங்கே மாட்டுவது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும். ‘முனைத்தடையம்’ என்றால் குழப்பம். கையேட்டில் ‘pin’ என்பதற்கு ‘முனை’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

சோதிக்கும் முறையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். விளக்குகளை அணைத்து, கன்சோலிலிருந்து (விளக்குகளை இயக்கும் பலகை) கேபிளைக் கழற்றி, அதன் 2, 3ஆம் முனைகளில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். 120க்குச் சற்றுக் கீழே காட்டினால் சரி. 60ஐ ஒட்டி வந்தால் வரியில் இரண்டு தடைகள் இருக்கின்றன. சில விளக்குகளில் பின்புறச் சுவிட்சாகவே ஒன்று உண்டு, அதைப் பார்க்காமல் பிளக்கையும் செருகியிருப்பார்கள். பல நூறு ஓமுக்கு மேல் போனால் பிளக் இல்லை, அல்லது நடுவில் கம்பி விட்டுப்போயிருக்கிறது.

* * *

‘தடையம்’ தட்டச்சில் ‘தடயம்’ ஆகிவிடும், பிறகு காவல் நிலையத்துச் செய்தி மாதிரி இருக்கும். ‘ஈற்றுத்தடை’ போதும்.

ஆனால் ஐயா, அதைச் சர்வரோக நிவாரணியாக எழுதிவிடாதீர்கள். மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்கு ஓட்டியிருந்தால் ஈற்றுத்தடை போட்டும் சரிவராது. 120 ஓம் மின்மறுப்புள்ள (இம்பீடன்ஸ்) கேபிள் வேண்டும். ஒய் கனெக்டர் போட்டு வரியைப் பிரிப்பதும் அப்படித்தான். இடமும் வலமும் போக வேண்டுமென்றால் ஆப்டோ ஸ்ப்ளிட்டர் (சிக்னலைத் தனித்தனிக் கிளைகளாகப் பிரித்துத் தரும் கருவி), அதன் ஒவ்வொரு கிளைக்கும் தனி ஈற்றுத்தடை. ஒரே வரியில் 32 விளக்குகளுக்கு மேல் தொடுத்தாலும் ஸ்ப்ளிட்டர்தான்.

எங்கே தேடுவது என்பதற்கு ஓர் அடையாளம்: ஒரு விளக்கிலிருந்து அப்பால் உள்ளவை மட்டும் ஆடினால் பெரும்பாலும் கேபிள். எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்து மீண்டால், விளக்குகளை இயக்குவது கணினி என்றால் அதைப் பாருங்கள். கணினியை டிஎம்எக்ஸ் கேபிளோடு இணைக்கும் மலிவான யுஎஸ்பி அடாப்டர்களில் தனிச் செயலி கிடையாது; சிக்னலின் நேரக் கணக்கைக் கணினியே பார்க்க வேண்டும். பாடல் வரிகளைத் திரையில் காட்டும் அதே மடிக்கணினி வீடியோவும் ஓட்டினால் அந்தக் கணக்கு தவறும். தனிச் செயலியுள்ள அடாப்டர் வாங்கி, விண்டோஸில் யுஎஸ்பி மின்சேமிப்பையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

* * *

நன்றி. ‘ஈற்றுத்தடை’ என்றே மாற்றுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘டெர்மினேட்டர்’ என்பதையும் சேர்த்துவிடுகிறேன். கடையில் கேட்க அந்தப் பெயர்தான் உதவும். ஸ்ப்ளிட்டருக்கு ‘பிரிப்பி’ என்று வைத்திருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.