ஸ்டோரிபோர்டு: ஓவிய மெருகு முதலா, காட்சியறிவு முதலா?

கோட்டுச்சித்தன்:
படமாக்கப்போகும் காட்சியை ஷாட் ஷாட்டாக முன்கூட்டியே வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு துறைக்கு வர விரும்பும் ஓர் இளைஞர் தம் போர்ட்ஃபோலியோவை (மாதிரிப் படைப்புகளின் தொகுப்பை) இங்கே பார்வைக்கு வைத்தபோது, அதிலுள்ள வண்ண ஓவியங்களை ஒதுக்கிவிட்டு, வசனமே இல்லாத இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைப் பென்சிலில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும்படி சொன்னேன். அது தவறான அறிவுரை என்று சிலர் எழுதியதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் படங்களைப் பலகையில் குத்தி வைத்துக் கதை பேசும் முறை வேரூன்றியதற்குக் காரணம், பிடிக்காத படத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைக் குத்துவது எளிது என்பதுதான். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தீட்டிய படத்தைக் கழற்ற எவருக்கும் மனம் வராது.

வண்ணத்தூரிகை:
தங்கள் அறிவுரையை மறுத்தவர்களில் நானும் ஒருவன். தொலைக்காட்சி அனிமேஷனில் போர்டு வரைபவர் ஓரிடத்திலும், அதை அசையும் படமாக்குபவர்கள் பெரும்பாலும் வேறொரு நாட்டிலும் இருக்கிறார்கள். பாத்திரத்தின் முகபாவமும் உடல்நிலையும் மாடல் ஷீட்டுக்கு (பாத்திரத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மாதிரிப் படத்தாளுக்கு) பொருந்தாமலோ, பின்னணியில் கதவு எங்கே இருக்கிறது என்பது தெரியாமலோ ஒரு கட்டம் போய்ச் சேர்ந்தால், அந்தக் குழப்பம் லேஅவுட்டில் (பின்னணியும் பாத்திரங்களும் எங்கே அமையும் என்று வகுக்கும் நிலையில்) பெருகி ரீடேக்காக, அதாவது மறுபடி செய்ய வேண்டிய வேலையாக, திரும்பி வரும். விளம்பரப் படங்களிலோ, போர்டைப் பார்த்து ஒப்புதல் தருபவர் சினிமாக்காரரே அல்லர். கிறுக்கலைக் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும் பொறுமையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. வரைந்தவருக்கு மட்டுமே புரியும் படத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

கோட்டுச்சித்தன்:
தெளிவு வேறு, மெருகு வேறு. ஓர் எளிய காட்சியை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் வைட் ஷாட்: ஒரு பெண் திரையின் இடப்பக்கம் நிற்கிறாள், வலப்பக்கத்து மேசையில் ஒரு கடிதம் கிடக்கிறது. இரண்டாவது, கடிதத்தின் க்ளோசப். மூன்றாவது, அவள் முகம். இந்த மூன்றாவது கட்டத்தில் அவள் வலப்பக்கம் பார்த்தாக வேண்டும். இடப்பக்கம் பார்த்தால், கடிதத்தை விட்டுவிட்டு வேறெதையோ பார்க்கிறாள் என்றே ரசிகர் எடுத்துக்கொள்வார். வட்டத்துக்குள் ஒரு மூக்கு மட்டும் போட்ட படத்தில் இந்தப் பிழை பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். இமை முடிவரை தீட்டிய முகத்தில் அது அழகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். படத்தொகுப்பு மேசைக்குப் போன பிறகுதான் யாராவது கவனிப்பார்கள். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) படத்துக்கு ஏறத்தாழ 3,500 கட்டங்கள் வரைந்தார்கள், வழக்கமான திரைக்கதை செய்ய வேண்டிய வேலையைப் பெருமளவு அவையே செய்தன. ஒவ்வொரு வண்டியும் எத்திசையிலிருந்து வந்து எத்திசையில் பாய்கிறது என்பதை ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தவறவிடாமல் கொண்டுபோவதே அத்தகைய வேலையின் உயிர்.

பாவைக்கூத்து:
இருவருமே கேமரா நம் கையில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வீடியோ கேம்களில் கட்சீன் (ஆட்டத்தின் நடுவே ஓடும் கதைக்காட்சி) தொடங்கும் நொடிவரை அது ஆடுபவரின் கையில் இருக்கிறது. அவர் பாத்திரத்தை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தாலும் உறுத்தாமல் முதல் ஷாட்டுக்குள் நுழைவது எப்படி என்பதைத்தான் போர்டு வரைபவர் முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அந்தக் கட்டங்கள் சீக்கிரமே கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சினுக்குள் போய், சாம்பல் நிறப் பெட்டிகளாலான ப்ரீவிஸ் (காட்சியின் முப்பரிமாண முன்மாதிரி) ஆகிவிடும். அதன் பிறகு ஓவியத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே எங்கள் பக்கத்தில் மெருகுக்கு அவ்வளவாக வேலையில்லை. முதலீட்டாளர்களுக்குக் காட்டும் சில படங்கள் மட்டுமே விதிவிலக்கு.

வண்ணத்தூரிகை:
கேம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நண்பர் கோட்டுச்சித்தன் ஒன்றை மறைத்துப் பேசுகிறார்: நன்றாக வரையத் தெரிந்தவரின் கிறுக்கலைத்தான் மற்றவர்களால் படிக்க முடியும். படிக்கட்டின் அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் லோ ஆங்கிள் ஷாட்டில் மூவர் வெவ்வேறு படிகளில் நிற்பதாக வரையச் சொல்லுங்கள். பர்ஸ்பெக்டிவ் (தூரத்துக்கும் கோணத்துக்கும் ஏற்ப அளவு மாறித் தெரிவதை வரையும் முறை) கைவராதவர் வரைந்தால் பாதங்கள் படியில் பதியாமல் மிதக்கும், கடைசி ஆள் குள்ளனாகத் தெரிவான். எந்த லென்ஸ், எவ்வளவு தூரம் என்று ஒளிப்பதிவாளர் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. இயக்குநர் பேசப் பேச எதிரே உட்கார்ந்து வரைய வேண்டிய வேலை இது. அந்த வேகம் உருவ ஓவியத்தில் பழகிய கைக்குத்தான் வரும், அதை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை.

கோட்டுச்சித்தன்:
பர்ஸ்பெக்டிவ் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வண்ணமும் நிழலும் வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். அந்த இளைஞரின் ஓவியங்களில் பர்ஸ்பெக்டிவ் குறையே இல்லை, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தொடர்ச்சிதான் இல்லை. எனவே, முழுக் காட்சிகள் இரண்டைப் பென்சிலிலும், அவற்றில் ஒன்றின் சில கட்டங்களை மட்டும் மெருகிட்டும் வைக்கட்டும். முடிந்தால் ஒன்றை அனிமேட்டிக்காகவும் (கட்டங்களை உரிய நேர அளவில் அடுத்தடுத்துக் காட்டும் வீடியோவாகவும்) ஓட்டிக் காட்டட்டும். ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கு காகிதத்தில் தெரியாது.

வண்ணத்தூரிகை:
அப்படியானால் மெருகிட்ட கட்டங்களை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். போர்ட்ஃபோலியோக்களைப் புரட்டுபவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அவருக்கு அனிமேட்டிக் ஓட்டிப் பார்க்க நேரமிருக்கும் என்று நான் நம்பவில்லை.