உடலே உடலைத் தாக்கும் நோய்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து:

நிர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி, உடலின் சொந்தக் கலங்களையே தாக்கும் லூபஸ் நோய் தங்கைக்கு இருப்பது உறுதியாகி, அதை அடக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை தொடங்கிய பின் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கன்னச் சிவப்பையும் மூட்டு நோவையும் இங்கே எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் குடிக்கும் எல்லாவற்றையும் கொண்டுவருமாறு கிளினிக்கில் வைத்தியர் கேட்டிருந்தார். அம்மா மாத்திரைகளோடு, அயலவர் சொல்லி வாங்கிய ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ மருந்துப் போத்தலையும் மேசையில் வைத்தார். வைத்தியர் இரண்டையும் எதிரெதிரே நகர்த்தி, “அம்மா, நான் பிள்ளையின் நிர்ப்பீடனத்தைத் தூங்க வைக்கப் பார்க்கிறேன், இந்தப் போத்தல் அதை எழுப்புவதாகச் சொல்கிறது. ஒருவர் தொட்டிலை ஆட்ட மற்றவர் பறையடித்தால் பிள்ளை தூங்குமா?” என்று கேட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் போத்தலை எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். மெலிந்துபோகும் மகளுக்குச் சக்தி வேண்டும் என்று நம்பியே அவர் அதை வாங்கினார். அந்தக் கையின் அவசரம் இன்றும் என்னை விட்டகலவில்லை. இத்தனை காலம் தன் கலங்களைத் தன்னுடையவை என்று அறிந்திருந்த உடல், திடீரென அதை ஏன் மறந்தது?

பூநகரியிலிருந்து:

மறந்தது என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகனின் உடல் எதையும் மறக்கவில்லை, ஏமாந்தது. தொண்டை நோ வந்து மாறிச் சில வாரங்களின் பின், முழங்கால் வீங்கி, அது வற்ற முன்னரே கணுக்கால் வீங்கியது. வாதக்காய்ச்சல், இதய வால்வும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். தொண்டையில் இருந்த ஸ்ரெப்ரோகொக்கசு பற்றீரியாவின் மேற்பரப்புப் புரதம் இதயத் தசைப் புரதத்தை ஒத்திருப்பதால், ஒன்றுக்காக உருவான பிறபொருளெதிரிகளும் (கிருமியைப் பற்றும் புரதங்கள்) ரி கலங்களும் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) மற்றதையும் தாக்குகின்றன. இப்போது ஒழுங்காகப் பெனிசிலின் ஊசி போடுகிறோம். ஒருநாள் ஊசி ஏற்றும்போது அவன் தாதியிடம், “கிருமி அப்போதே செத்துவிட்டது என்றால், இந்த ஊசி யாருக்கு மிஸ்?” என்று கேட்டான். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இனி வரக்கூடிய கிருமிக்கு, ஏனெனில் ஒவ்வொரு புதுத் தொற்றும் வால்வை மேலும் கெடுக்கக்கூடும் என்பதை, வீடு வரும் வழி முழுவதும் அவனுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன்.

கிளிநொச்சியிலிருந்து, உயிரியல் ஆசிரியர்:

உங்கள் இருவர் சொல்வதும் பாதிதான். தன் உடலைத் தாக்கக்கூடிய ரி கலங்கள், நோயே இல்லாத நம் எல்லோரிடமும் இருக்கின்றன. நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில், சதையியில் (கணையத்தில்) சுரக்கும் இன்சுலின் உட்பட உடலின் பல புரதங்கள் சிறிதளவில் உருவாக்கிக் காட்டப்படுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் ரி கலங்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். தப்பி வெளியேறுபவற்றை, ‘ஒழுங்காக்கும் ரி கலங்கள்’ என்ற இன்னொரு வகைக் கலங்கள் அடக்கி வைக்கின்றன. இந்த ஒழுங்காக்கும் கலங்களை 1995இல் இனங்கண்ட சகாகுச்சிக்கும், அவற்றின் உருவாக்கத்துக்கு இன்றியமையாத ஃபொக்ஸ்பி3 மரபணுவை 2001இல் கண்டறிந்த பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபுப் போக்கு, தொற்று, ஓமோன், லூபஸில் வெயில் என்று பல சேரும்போதே இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் அதனால்தான். (படை, எதிரி என்ற வழக்கமான உவமையை வன்னி வகுப்பறையில் நான் சொல்வதில்லை.)

என் அனுபவம் சிறியது. இந்தப் பாடத்தை நடத்தியபோது, முதலாம் வகை நீரிழிவுள்ள (இன்சுலின் சுரக்கும் கலங்களை ரி கலங்கள் அழிக்கும் நோய்) மாணவி ஒருத்தி தன் நெஞ்செலும்பில் விரலை வைத்து, “இங்கேயா சேர் பிழைத்தது?” என்று கேட்டாள். இங்கே மட்டும் இல்லை என்றேன். அது அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

கேட்காவிட்டாலும் சில விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். பிரெட்னிசொலோனை நீண்ட காலம் எடுத்தவர்கள், சுகமாகிவிட்டது என்று சடுதியாக நிறுத்தக்கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் குறைந்திருக்கும் என்பதால் அது உயிராபத்தாகலாம். முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் தந்தால் அது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. நாளாந்தம் விழுங்கினால் எலும்பு மச்சை பழுதாகும். ஆகவே வாரத்தில் எந்த நாள் என்பதைக் கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதுவியுங்கள். லூபஸுக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியர் சொல்லும் காலத்தில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். லூபஸ் உள்ளவர்கள் முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்து, வெயில் ஏறும் முன்னரே வயல்வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்; வெயில் கொல்லும் தோற்கலங்களின் கருவிலுள்ள பொருள்களே லூபஸின் பிறபொருளெதிரிகளுக்கு இலக்காகின்றன.

துணுக்காயிலிருந்து:

ஆசிரியருக்கு மதிப்போடு ஒன்று. வெயில் ஏறும் முன் வேலையை முடிக்கச் சொல்வது, சொந்த வயல் உள்ளவருக்கே பொருந்தும். எனக்கு வெண்புள்ளி, நிறம் தரும் கலங்களை ரி கலங்கள் கொன்றுவிட்டதால், கையின் வெளுத்த இடங்கள் வெயிலில் எளிதாக எரிந்துபோகும். கூலிக்குக் களை பிடுங்கும் நான் எப்போது கரையேறுவது என்பதைக் காணிக்காரரே தீர்மானிக்கிறார். போன சிறுபோகத்தில் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினேன். மதியம் தேநீர் தரும்போது எல்லோருக்கும் கோப்பை வந்தது, எனக்கு மட்டும் சிரட்டை வந்தது. இது தொற்றாது, தொழுநோயும் இல்லை என்று சொல்லிச் சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கோப்பை வரவில்லை. மற்றவர்கள் குடித்து முடிப்பதற்குள் நான் மறுபடி வயலுக்குள் இறங்கிவிட்டேன்.